ஆர்ஸ்பேம்டியில் ரூல் மாத்தினாலும் ஸ்கோர் மாறல: நல்ல மெயில் ஜங்க்கில், ஸ்பேம் இன்பாக்ஸில்

புதுசர்வர் | ஜூன் 7, 2025 | இரவு 10.40

டெபியன் 12, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பறது), டவ்காட் 2.3 (மெயில்பாக்ஸ்), ஆர்ஸ்பேம்டி (மெயிலுக்கு ஸ்கோர் போட்டு ஸ்பேமைப் பிரிக்கறது), ரெடிஸ் (அது கத்ததை வைக்கிற டேட்டாபேஸ்). சின்ன ஆபீஸ், முப்பது மெயில்பாக்ஸ். ரெண்டு பிரச்சனை ஒண்ணா நிக்குது. பேங்க் ஸ்டேட்மெண்ட், கரண்ட் பில் ரசீது, ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எல்லாம் ஜங்க்குக்குப் போகுது. "வீட்டிலிருந்தே வேலை, தினமும் ரூ. 5,000" ரக மெயில் ஜம்முனு இன்பாக்ஸில் உட்காருது.

ரிஜெக்ட் அளவை (இந்த ஸ்கோரைத் தொட்டா மெயிலை வாங்காது) 15லிருந்து 8 ஆக்கி லோக்கல்.டி ஃபோல்டரில் ஆக்‌ஷன்ஸ்.கான்ஃப் போட்டாச்சு. சப்ஜெக்டில் "பரிசு" வந்தா தடுக்க போஸ்ட்ஃபிக்ஸ் ஹெடர்_செக்ஸில் (மெயிலின் தலைப்பு வரிகளைச் சோதிக்கிற பட்டியல்) ஒரு வரியும் போட்டாச்சு. ரெண்டும் அசையல. செட்டிங் ஃபைலைச் சோதிக்கிற கான்ஃபிக்டெஸ்ட் "சின்டாக்ஸ் ஓகே"ங்குது. இந்த ஆர்ஸ்பேம்டி லோக்கல் ரூலை மதிக்கிறதே இல்ல. பேசாம இன்னொரு ஸ்பேம் வடிகட்டியான ஸ்பேம்அசாசினுக்கே போயிடலாமா?

போர்ட்25 | ஜூன் 7, 2025 | இரவு 11.25

மதிக்கும். நீங்க எழுதினது அதுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்.

ஆக்‌ஷன்ஸ்.கான்ஃப் உள்ளே மறுபடியும் "ஆக்‌ஷன்ஸ்" என்று ஆரம்பிச்சு அடைப்புக்குறி போட்டு எழுதியிருப்பீங்க. லோக்கல்.டியில் இருக்கிற ஃபைல் ஏற்கெனவே அந்தப் பகுதிக்கு உள்ளேதான் சேர்க்கப்படுது. திரும்ப உறை போட்டா, ஆக்‌ஷன்ஸுக்குள்ளே இன்னொரு ஆக்‌ஷன்ஸ் உருவாகும். அதை யாரும் படிக்க மாட்டாங்க. இலக்கணப்படி சரி என்பதால கான்ஃபிக்டெஸ்ட்டும் வாயைத் திறக்காது. ஃபைலில் "ரிஜெக்ட் = 8;" மட்டும் இருந்தா போதும்.

எதைப் போட்டாலும் ஆர்ஸ்பேம்_ஏடிஎம் கான்ஃபிக்டம்ப் ஆக்‌ஷன்ஸ் என்று ஓட்டிப் பாருங்க. எல்லா ஃபைலையும் சேர்த்த பிறகு சர்வர் உண்மையில் எதை வெச்சிருக்குன்னு அதுதான் சொல்லும். கான்ஃபிக்டெஸ்ட் சொல்லாது.

இன்னொரு இடம்: வெப் பக்கத்தில் எப்போதாவது ஸ்கோரை மாத்தி "சேவ்" அழுத்தியிருந்தா, அது வார்/லிப்/ஆர்ஸ்பேம்டி கீழே ஆர்ஸ்பேம்டி_டைனமிக் என்ற ஃபைலில் போய் உட்கார்ந்து, நீங்க கையால எழுதினதை மூடிடும். ஆறு மாசம் முன்னாடி யாரோ அழுத்தின பட்டன் இன்னிக்கும் ஆளும்.

ஆனா 8 வேண்டாம். டிஃபால்ட் கிரேலிஸ்ட் (தாமதப்படுத்தறது) 4, ஆட்_ஹெடர் (ஸ்பேம்னு குறி போடறது, அதான் ஜங்க்குக்குப் போகுது) 6, ரிஜெக்ட் 15. உங்க பேங்க் மெயிலே 6ஐத் தாண்டுது என்னும்போது ரிஜெக்டை 8க்கு இறக்கினா, ஜங்க்கில் தேடி எடுக்கக்கூடிய மெயில் திரும்பக் கிடைக்காத மெயில் ஆயிடும். எந்த சிம்பல் (ஒவ்வொரு சோதனைக்கும் இருக்கிற பெயர்) எவ்வளவு புள்ளி போட்டதுன்னு தெரியாம அளவை மட்டும் திருகறது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை மாத்தற கதை.

மில்டர்_ஹெடர்ஸ்.கான்ஃப்பில் எக்ஸ்டெண்டட்_ஸ்பேம்_ஹெடர்ஸ் = ட்ரூ போட்டு ரீலோடு பண்ணுங்க. தப்பாப் போன நல்ல மெயில் ஒண்ணு, உள்ளே வந்த ஸ்பேம் ஒண்ணு, ரெண்டின் சிம்பல் பட்டியலையும் இங்கே போடுங்க.

பழைய_செண்ட்மெயில் | ஜூன் 8, 2025 | காலை 6.10

ஸ்பேம்அசாசினுக்கு வாங்க, வரவேற்போம். ஆனா பிரச்சனையையும் மூட்டை கட்டிட்டுத்தான் வருவீங்க.

புதுசர்வர் | ஜூன் 8, 2025 | காலை 9.05

கான்ஃபிக்டம்ப்பில் ஆக்‌ஷன்ஸுக்குள்ளே ஆக்‌ஷன்ஸ் இருந்தது. உறையை எடுத்தாச்சு, அளவை 15க்கே வெச்சாச்சு.

பேங்க் மெயில், மொத்தம் 6.50:
பேயஸ்_ஸ்பேம் 5.10
ஆர்_மிக்ஸ்டு_சார்செட் 2.10
மைம்_ஹெச்டிஎம்எல்_ஒன்லி 0.20
ஆர்_எஸ்பிஎஃப்_அலவ் −0.20
ஆர்_டிகிம்_அலவ் −0.20
டிமார்க்_பாலிசி_அலவ் −0.50
ஸ்பேம்ஹாஸ் ... பிளாக்ட்_ஓப்பன்ரிசால்வர் 0.00

வேலை மெயில் (அந்த ஸ்பேம்), மொத்தம் 1.90: பேயஸ்_ஹாம் (ஹாம்னா நல்ல மெயில்) −2.95, மத்ததெல்லாம் சேர்த்து 4.85. இதிலும் அந்த ஓப்பன்ரிசால்வர் சிம்பல் 0.00 என்று நிக்குது. பூஜ்யம்தானே, கவலை இல்லையே?

போர்ட்25 | ஜூன் 8, 2025 | காலை 9.30

அந்த பூஜ்யத்தில்தான் பாதிக் கதை இருக்கு. மீதி பாதி பேயஸில் (பழைய மெயிலைப் பார்த்துக் கத்துக்கிட்டு ஸ்பேமைக் கணிக்கிற சோதனை). முதல்ல பூஜ்யம்.

ஸ்பேம்ஹாஸ் மாதிரி, ஸ்பேம் அனுப்பற ஐபிகளின் கறுப்புப் பட்டியல்கள் டிஎன்எஸ் வழியா பதில் சொல்றவை. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 மாதிரிப் பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தர்ற சர்வர்) வழியா கேட்டா, யார் எவ்வளவு கேக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. அதனால இலவசச் சேவையில் 127.255.255.254 என்ற பதிலைத் திருப்புவாங்க. "இந்த ஐபி கெட்டது" என்று அர்த்தம் இல்ல, "உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டோம்" என்று அர்த்தம். 127.255.255.255 வந்தா கேள்வி அளவுக்கு மீறிப் போச்சு. 127.255.255.252 வந்தா பட்டியலின் பெயரையே தப்பா அடிச்சிருக்கீங்க.

ஆர்ஸ்பேம்டி இதைப் புரிஞ்சுக்கிட்டு 0.00 போட்டு ஒதுங்கிடுது. அதாவது உங்க சர்வரில் அந்தக் கறுப்புப் பட்டியல் சோதனை சத்தமில்லாம செத்துக் கிடக்கு. அந்த வேலை மெயிலுக்கு ஒரே ஒரு பட்டியல் பேசியிருந்தா ஸ்கோர் வேற மாதிரி இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது: அதே மெஷினில் அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவுங்க. ஃபார்வர்டர் எதுவும் வைக்காதீங்க, ரூட் சர்வரிலிருந்து அதுவே தேடட்டும். ஆர்ஸ்பேம்டியின் லோக்கல்.டி/ஆப்ஷன்ஸ்.இன்க் ஃபைலில் டிஎன்எஸ் பகுதியில் நேம்சர்வர் 127.0.0.1 என்று கொடுங்க. இங்கே மட்டும் "டிஎன்எஸ்" உறை வேணும், ஏன்னா ஆப்ஷன்ஸுக்கு உள்ளே அது ஒரு துணைப் பகுதி. நேத்து சொன்னதைக் கேட்டுட்டு இதிலும் உறையை உரிச்சிடாதீங்க.

சோதனை: டிக் கமாண்டில் 2.0.0.127 என்பதோடு ஸ்பேம்ஹாஸின் ஜென் பட்டியல் பெயரை ஒட்டிக் கேளுங்க. 127.0.0.2 எப்பவும் பட்டியலில் இருக்கிற சோதனை முகவரி. 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில் வரணும். 127.255 என்று ஆரம்பிக்கிற எதுவும் வரக்கூடாது. அதையே 1.0.0.127 போட்டுக் கேட்டா ஒண்ணுமே வரக்கூடாது.

ரூட்_ராத்திரி | ஜூன் 8, 2025 | மதியம் 1.15

அன்பவுண்டில் ஒரு கண்ணி இருக்கு. டிஎன்எஸ் ரீபைண்டிங்கை (வெளி டொமைன் உள் முகவரியைப் பதிலாத் தர்ற தாக்குதல்) தடுக்கறேன்னு பிரைவேட்-அட்ரஸ் வரிசையில் 127.0.0.0/8ஐயும் சேர்க்கச் சொல்லும் குறிப்பு நிறைய இடத்தில் சுத்துது. சேர்த்தா, பட்டியல்கள் தர்ற 127 பதில்களை எல்லாம் அன்பவுண்டே கத்தரிச்சிடும். பிழைச் செய்தி வராது, சிம்பலும் வராது, எல்லாம் சுத்தமா இருக்கிற மாதிரியே தெரியும். அன்பவுண்ட் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கு. 10, 172.16, 192.168 மட்டும் போதும்.

அப்புறம் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஓடினா 127.0.0.53 என்று காட்டும். பார்க்க உள்ளூர் மாதிரி இருக்கும், ஆனா அது கேள்வியை மேலே தள்ளிவிடுற இடைத்தரகர்தான். டாக்கரில் ஓட்டுறவங்களுக்கு 127.0.0.11, அதுவும் அப்படித்தான். ரெஸால்வ்.கான்ஃபை கையால மாத்தினா ரீபூட்டில் டிஹெச்சிபி வந்து திரும்ப எழுதிட்டுப் போயிடும். அதனாலதான் ஆர்ஸ்பேம்டிக்கு உள்ளேயே கொடுக்கறது நல்லது.

ரூட்_ராத்திரி | ஜூன் 8, 2025 | மதியம் 1.40

இன்னொண்ணு, இது ஆபத்தானது. ஆர்ஸ்பேம்டிக்கு அந்த 127.255 பதிலின் பொருள் தெரியும். போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. மெயின்.சிஎஃப்பில் ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையண்ட்டுக்கு (கறுப்புப் பட்டியலைப் பார்த்து மறுக்கிற வரி) பக்கத்தில் வெறும் பட்டியல் பெயரை மட்டும் எழுதினா, எந்த ஏ ரெக்கார்டு பதிலா வந்தாலும் "பட்டியலில் இருக்கு" என்றுதான் அது எடுத்துக்கும். பொது ரிசால்வர் பின்னால இருந்தா வர்ற மெயில் அத்தனையும் 554 (நிரந்தர மறுப்பு) வாங்கித் திரும்பும்.

பட்டியல் பெயருக்குப் பின்னால =127.0.0.[2..11] என்று வடிகட்டி போடணும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.8லிருந்து இது உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலான போஸ்ட்ஸ்கிரீனிலும் இதேதான், கடைசியில் *3 என்று எடையும் சேர்க்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 2021 ஜனவரி கடைசியில் ஸ்பேம்காப் பட்டியலின் டொமைன் காலாவதி ஆகி பார்க்கிங் பக்கத்துக்குப் போச்சு. எந்த ஐபியைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தின் முகவரி பதிலா வந்தது. வடிகட்டி இல்லாத சர்வர்கள் உலகத்தில் இருக்கிற எல்லாரையும் ஸ்பேமர் ஆக்கின. 127.0.0.2 என்று குறிப்பிட்டு எழுதியிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கு முன்னாடி 2015இல் ஏஹெச்பிஎல் என்ற பட்டியல், மூடிய பிறகும் விடாம கேட்டுட்டிருந்த சர்வர்களை விரட்டறதுக்காக, வேணும்னே எல்லா ஐபியையும் பட்டியலில் இருக்கிறதா பதில் சொன்னது. சோர்ப்ஸ் பட்டியலையும் 2024 ஜூனில் மூடியாச்சு. பழைய வழிகாட்டியிலிருந்து காப்பி அடிச்ச வரி மெயின்.சிஎஃப்பில் இருந்தா முதல்ல அதைத் தூக்குங்க.

புதுசர்வர் | ஜூன் 8, 2025 | மாலை 5.20

அன்பவுண்ட் போட்டாச்சு, சோதனை மூணு பதிலும் தருது. மெயின்.சிஎஃப்பில் ஆர்பிஎல் வரி எதுவும் இல்ல. "பரிசு" வரி மட்டும் இன்னும் பிடிக்கல.

போர்ட்25 | ஜூன் 8, 2025 | இரவு 9.50

ஹெடர்_செக்ஸ் பிடிக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் ஹெடரை வந்தபடியே பார்க்கும், என்கோடிங்கை அவிழ்க்காது. தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் பேஸ்64 (பைட்டை ஆங்கில எழுத்தா மாத்தி அனுப்பற முறை) ஆகத்தான் வரும், "பரிசு" என்ற எழுத்து அங்கே எங்கேயும் இருக்காது.

"சரி, அந்த பேஸ்64 துண்டையே தேடலாமே" என்று அடுத்த யோசனை வரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8இல் 3 பைட். பேஸ்64 மூணு மூணு பைட்டா எடுத்து நாலு எழுத்தாக்கும். அதனால முன்னாடி தமிழ் மட்டும் இருந்தா துண்டு எப்பவும் ஒரே மாதிரி வரும், முதல் சோதனையில் அழகா வேலை செய்யும். நடுவில் ஒரு இடைவெளி வந்தா ஒரு பைட் தள்ளிப்போய் மொத்த உருவமும் மாறிடும். ஆக ஒரே சொல்லுக்கு மூணு உருவம். போதாக்குறைக்கு, என்கோடு செஞ்ச ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. உறை போக 60 எழுத்து, அதாவது 15 தமிழ்க் குறியீடு. "பரிசு"வே ப, ர, இகரக் குறி, ச, உகரக் குறி என்று 5 குறியீடு. அது துண்டின் விளிம்பில் விழுந்து ரெண்டாப் பிளந்தா எந்த உருவமும் பொருந்தாது.

ஆர்ஸ்பேம்டியின் மல்டிமேப்பில் (நீங்க தர்ற பட்டியலை வெச்சு சோதிக்கிற பகுதி) போடுங்க. டைப் = ஹெடர், ஹெடர் = சப்ஜெக்ட், ரெஜ்எக்ஸ்ப் = ட்ரூ, ஒரு மேப் ஃபைல். அங்கே சப்ஜெக்ட் அவிழ்த்த பிறகுதான் சோதிக்கப்படும். ஒவ்வொரு வரியும் சாய்கோட்டுக்கு நடுவே, கடைசியில் யூ கொடி கட்டாயம். யூ இல்லாட்டி பைட்டா பார்க்கும், சதுர அடைப்புக்குறிக்குள் தமிழ் எழுத்தைப் போட்டா கன்னாபின்னான்னு பொருந்தும். மேப் ஃபைலை மாத்தினா அதுவே திரும்பப் படிச்சுக்கும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

அப்புறம் ஒகரம். "தொழில்" என்பதில் கொம்பும் காலும் ஒரே குறியீடாவும் வரலாம், கொம்பு தனி கால் தனி என்று ரெண்டாவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டையும் "அல்லது" போட்டு எழுதணும். சொல் எல்லை காட்டுற பின்சாய்கோடு-பியை நம்பாதீங்க, உயிர்க்குறிகள் கிட்ட அது தடுமாறும்.

ரூட்_ராத்திரி | ஜூன் 8, 2025 | இரவு 10.15

அந்த சொல் எல்லை விஷயம் சும்மா இல்ல. "பரிசு" என்று போட்டா "பரிசுத்த வேதாகமம்" சிக்கும், சர்ச் செய்திமடல் மொத்தமும் போச்சு. "பரிச" என்று சுருக்கினா இன்னும் மோசம்: இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" எல்லாம் மாட்டும்.

தனிச் சொல்லுக்கு 1 புள்ளிக்கு மேல் கொடுக்காதீங்க. காம்போசிட்ஸ்.கான்ஃப்பில் இன்னொரு சிம்பலோட கட்டுங்க: அந்தச் சொல்லும் இருக்கணும், ரிப்ளை-டூ இலவச மெயில் முகவரியாவும் இருக்கணும் (ஃப்ரீமெயில்_ரிப்ளைடூ), அப்போ 3. ஒரு சொல் சாட்சி ஆகாது. ரெண்டு சேர்ந்தா ஆகலாம்.

பழைய_செண்ட்மெயில் | ஜூன் 9, 2025 | காலை 5.55

ஹெடர்_செக்ஸ் பத்தி ஒரு பின்சேர்க்கை. அது இணைப்பா வர்ற மெயிலின் ஹெடரையும் பார்க்கும், ஏன்னா நெஸ்டட்_ஹெடர்_செக்ஸின் டிஃபால்ட் அதே பட்டியல்தான். யாராவது "இது ஸ்பேமா பாருங்க" என்று ஒரு மெயிலை அப்படியே இணைச்சு அனுப்பினா, கேள்வி கேட்டவர் மெயிலும் ரிஜெக்ட் ஆகும். உங்க ஆட்கள் வெளியே அனுப்பறதும் இதே வழியாத்தான் போகுது. புது வரி எதுவா இருந்தாலும் முதல்ல ரிஜெக்ட் போடாம வார்ன் போட்டு லாக்கைப் பாருங்க. போஸ்ட்மேப் ஹைஃபன் க்யூ கொடுத்து வரியை வெளியிலேயே சோதிக்கலாம்.

ஸ்பேம்அசாசினில் சப்ஜெக்ட் தானாவே அவிழும், ரா என்று கேட்டாத்தான் அவிழாம வரும். பாடி ரூலுக்கு நார்மலைஸ்_சார்செட் 1 (எழுத்தை யூடிஎஃப்-8க்கு மாத்தறது) போட்டுக்கணும்.

போர்ட்25 | ஜூன் 9, 2025 | காலை 8.20

அது ஸ்பேம்அசாசின் 3.4க்கு. 2022 டிசம்பரில் வந்த 4.0லிருந்து நார்மலைஸ்_சார்செட் டிஃபால்ட்டாவே ஆன். ஆனா அங்கேயும் பாடி ரூல் பைட் அளவில்தான் பொருத்தும். சதுர அடைப்புக்குறிக்குள் தமிழ் எழுத்து வேண்டாம்.

பழைய_செண்ட்மெயில் | ஜூன் 9, 2025 | காலை 8.35

சரி, 4.0க்கு அப்படியே. ரெஜ்எக்ஸ் பத்திப் பேசறதால இதையும் சொல்லிடறேன். 2010 ஜனவரி 1 அன்னிக்கு உலகம் முழுக்க ஸ்பேம்அசாசின் நல்ல மெயிலுக்கு சுமார் 3 புள்ளி கூட்டிக் கொடுத்தது. எஃப்ஹெச்_டேட்_பாஸ்ட்_20எக்ஸ்எக்ஸ் என்ற ரூல். "ரொம்பத் தள்ளிய எதிர்காலத் தேதி" என்று பிடிக்க, 20க்கு அடுத்த இலக்கம் 1 முதல் 9 வரைன்னு எழுதியிருந்தாங்க. எழுதினப்போ 2010 தூரத்தில் இருந்தது. புத்தாண்டு வாழ்த்தெல்லாம் ஜங்க்கில். ரூலைப் புதுப்பிக்கிற எஸ்ஏ-அப்டேட் ஓடாத சர்வர்களில் ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. வருஷம், விலை, டொமைன் முடிவு, இது மூணையும் வெச்சு எழுதற ரூலுக்கு ஆயுசு கம்மி.

புதுசர்வர் | ஜூன் 9, 2025 | காலை 11.00

பேயஸுக்கு வருவோமா? பேங்க் மெயிலுக்கு 5.10, ஸ்பேமுக்கு −2.95. தலைகீழா இருக்கே.

போர்ட்25 | ஜூன் 9, 2025 | மதியம் 12.30

தலைகீழாக் கத்துக்கிச்சு. யாரோ தலைகீழா கத்துக்கொடுத்திருக்காங்க. ஆர்ஸ்பேம்சி ஸ்டாட் ஓட்டி லேர்ன்டு எண்ணிக்கையைப் பாருங்க. ஜங்க்குக்கு நகர்த்தினா ஸ்பேம், ஜங்க்கிலிருந்து வெளியே எடுத்தா ஹாம் என்று டவ்காட் ஐமேப்சீவ் (மெயிலை நகர்த்தினா ஸ்கிரிப்ட் ஓட்டறது) வெச்சிருக்கீங்களா?

புதுசர்வர் | ஜூன் 9, 2025 | மதியம் 12.50

ஆமா, இணையத்தில் கிடைச்ச வழிகாட்டிப்படி. ஸ்பேம் 640, ஹாம் 3,900. யாரும் இவ்வளவு மெயிலை ஜங்க்கிலிருந்து மீட்டு எடுத்ததே இல்ல.

போர்ட்25 | ஜூன் 9, 2025 | மதியம் 1.20

மீட்டு எடுக்கல, அழிச்சிருக்காங்க.

மெயில்பாக்ஸ்2 விதி "ஜங்க்கிலிருந்து எங்கே போனாலும்" என்று நட்சத்திரம் போட்டிருக்கும். ஜங்க்கில் இருக்கிற ஸ்பேமை டெலீட் அழுத்தினா, பெரும்பாலான மெயில் செயலிகள் அதை டிராஷுக்கு நகர்த்தும். டவ்காட்டுக்கு அது "ஜங்க்கிலிருந்து வெளியே போன மெயில்". உடனே ஹாம் ஸ்கிரிப்ட் ஓடும். ஒழுங்கா ஜங்க்கைச் சுத்தம் பண்ற ஊழியர்தான் தினமும் பேயஸுக்கு "இந்த வேலை மெயில் நல்லது" என்று பாடம் நடத்துறார்.

பேங்க் மெயில் பக்கம்: தண்டர்பேர்டின் சொந்த ஜங்க் வடிகட்டி ஆனில் இருந்து, தானா ஜங்க்குக்கு நகர்த்தற மாதிரி வெச்சிருந்தா, அதோட ஒவ்வொரு தப்பான கணிப்பும் மனுஷன் சொன்னதா உங்க சர்வரில் பதிவாகும். போதாததுக்கு, வேண்டாத விளம்பர மெயிலை அன்சப்ஸ்கிரைப் பண்ணாம ஜங்க்கில் தள்றவங்க. பேங்க் விளம்பரமும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ஒரே வார்ப்புரு, ஒரே அடிக்குறிப்பு. டோக்கன் பாதிக்கு மேல பொது.

சர்வர் தானே சீவ் வழியா ஜங்க்கில் போடறது இந்தக் கணக்கில் வராது. அது டெலிவரி, ஐமேப் நகர்த்தல் இல்ல.

ஹாம் ஸ்கிரிப்ட்டில் மேலே இதைச் சேருங்க: என்விரான்மெண்ட்டிலிருந்து ஐமேப்.மெயில்பாக்ஸை எடுத்து, அது "டிராஷ்" ஆனா ஸ்டாப். டிராஷ் மட்டும் போதாது. அவுட்லுக் "டெலீட்டட் ஐட்டம்ஸ்" என்றும், ஆப்பிள் மெயில் "டெலீட்டட் மெசேஜஸ்" என்றும் ஃபோல்டர் உண்டாக்கும். உங்க மெயில்பாக்ஸ்களில் என்னென்ன பெயர் இருக்குன்னு டவ்காட் நிர்வாகக் கமாண்டில் பட்டியல் எடுத்து எல்லாத்தையும் போடுங்க. மாத்தின பிறகு சீவ்சி கொண்டு கம்பைல் பண்ணுங்க. பண்ணலைன்னா ஒவ்வொரு தடவையும் தானே கம்பைல் பண்ணிப் பார்த்து, சேமிக்க அனுமதி இல்லைன்னு லாக்கை நிரப்பும்.

ரூட்_ராத்திரி | ஜூன் 9, 2025 | மதியம் 2.05

கெட்ட பாடத்தைத் திருத்தறதை விட அழிக்கறது சுலபம். ஆனா ரெடிஸில் ஃப்ளஷ்ஆல் அடிச்சிடாதீங்க, கிரேலிஸ்ட், ரேட்லிமிட், ஹிஸ்டரி எல்லாம் கூடவே போயிடும். பேயஸுக்கு மட்டும் தனி டேட்டாபேஸ் எண் கொடுங்க (கிளாசிஃபையர்-பேயஸ்.கான்ஃப்பில்). புது எண் என்பதால காலியாவே ஆரம்பிக்கும், பின்னால வேணும்னா அந்த எண்ணில் மட்டும் ஃப்ளஷ்டிபி.

ஏற்கெனவே கத்துக்கொடுத்த மெயிலையே திரும்பக் கொடுத்து "ஆல்ரெடி லேர்ன்டு" என்று பதில் வந்தா, கத்த மெயில்களின் பட்டியல் தனியா இருந்து தப்பிச்சிருக்குன்னு அர்த்தம். அதையும் துடைக்கணும்.

அடுத்து, மின்_லேர்ன்ஸ் 200. ஸ்பேம் 200, ஹாம் 200 ரெண்டும் நிறையற வரை பேயஸ் வாயே திறக்காது. "கத்துக்கொடுத்தேன், சிம்பலே வரல" என்று வர்ற கேள்வியில் முக்கால்வாசி இதுதான். நல்ல மெயிலுக்கு யாராவது நேர்மையா அடுக்கி வெச்சிருக்கிற இன்வாய்ஸ் ஃபோல்டரை ஆர்ஸ்பேம்சி லேர்ன்_ஹாம் கையில் கொடுங்க, மெயில்டிர் ஃபோல்டரையே வாங்கிக்கும். ஸ்பேமுக்குக் கண்ணால பார்த்து உறுதி செஞ்ச 300.

ரெடிஸின் மேக்ஸ்மெமரி பாலிசி (மெமரி நிரம்பினா எதைத் தூக்கறதுன்னு சொல்றது) ஆல்கீஸ்-எல்ஆர்யூ என்று இருந்தா வோலடைல்-டிடிஎல் ஆக்குங்க. மெமரி நிரம்பினா எல்ஆர்யூ பேயஸ் டோக்கன்களைத் தின்னும். எண்ணிக்கை கூடிட்டே போகும், கணிப்பு மட்டும் மங்கும்.

புதுசர்வர் | ஜூன் 10, 2025 | இரவு 8.00

டிராஷ் கணக்கு சரி. அவுட்லுக்கில் இருக்கிற நாலு பேர்தான் ஜங்க்கை அதிகம் துடைக்கிறவங்க, லாக்கில் ஹாம் ஸ்கிரிப்ட் ஓடின பெயரெல்லாம் அவங்களோடதே. மிக்ஸ்டு_சார்செட் 2.10 எதுக்கு?

போர்ட்25 | ஜூன் 10, 2025 | இரவு 8.40

ஒரே சொல்லுக்குள்ளே ரெண்டு எழுத்து முறை கலந்தா அது சந்தேகப்படும். ரஷ்ய "அ"வை ஆங்கில "ஏ" மாதிரி வெச்சு பேங்க் பெயர் எழுதற மோசடிக்காக வந்த சோதனை. நம்ம ஊர் பில்லில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே விட்டு, "ஐ", "இல்" என்று உருபை இடைவெளி இல்லாம ஒட்டுவாங்க. அது போதும். குரூப்ஸ்.கான்ஃப்பில் சிம்பல்ஸ் பகுதியில் ஆர்_மிக்ஸ்டு_சார்செட்டை 1.0க்கு இறக்குங்க. முழுசா அணைக்க வேண்டாம். யூஆர்எல்லில் கலந்தா வர்ற தனி சிம்பல் இருக்கு, அதை அப்படியே விடுங்க. அது நிஜமாவே திருடனைப் பிடிக்கும்.

புதுசர்வர் | ஜூன் 12, 2025 | காலை 10.15

பேங்க் டொமைனை மல்டிமேப்பில் ஃப்ரம் வெச்சு −20 கொடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே? பேயஸ் 200 நிறையற வரைக்குமாவது.

பழைய_செண்ட்மெயில் | ஜூன் 12, 2025 | காலை 10.40

வேண்டவே வேண்டாம். ஃப்ரம் வரியை யார் வேணும்னாலும் எழுதலாம். ஸ்பேம்அசாசின் உலகத்தில் வொயிட்லிஸ்ட்_ஃப்ரம் என்று சொந்த டொமைனையே போட்டு வைப்பாங்க. −100 கிடைக்கும். "உங்க மெயில்பாக்ஸ் நிறைஞ்சிடுச்சு, இங்கே பாஸ்வேர்டு கொடுங்க" என்று அட்மின் பெயரில் வர்ற மெயிலுக்கும் அதே −100. அங்கே வெல்கம்லிஸ்ட்_ஆத் தான் பயன்படுத்தணும் (4.0க்கு முன்னால வொயிட்லிஸ்ட்_ஆத்). எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயில் நிஜமாவே அந்த டொமைனிலிருந்து வந்ததான்னு பார்க்கிற சோதனைகள்) தேறினாத்தான் கணக்கு.

போர்ட்25 | ஜூன் 12, 2025 | காலை 11.10

ஆர்ஸ்பேம்டியில் அதுக்கு இணை வொயிட்லிஸ்ட் மாட்யூல். டிமார்க் (அந்த ரெண்டில் ஒண்ணாவது ஃப்ரம் டொமைனோட ஒத்துப்போகுதான்னு பார்க்கிறது) தேறின டொமைனுக்கு மட்டும் மைனஸ் கொடுக்கும். அதே டொமைன் தேறாம வந்தா ஏறவும் வைக்கலாம், பேங்க் பெயருக்கு அதுதான் நமக்கு வேணும். மல்டிமேப்பே வேணும்னா ரெக்வயர்_சிம்பல்ஸ் போட்டு ஆர்_டிகிம்_அலவ்வைக் கட்டாயமாக்குங்க. அதில் ஆக்‌ஷன் என்று ஒரு வரி சேர்த்துட்டீங்கன்னா அது ப்ரீஃபில்டர் ஆயிடும். டிகிம் சோதனைக்கு முன்னாடியே முடிவு எடுத்துட்டு, நீங்க கட்டாயமாக்கின சிம்பல் பிறக்கவே பிறக்காது.

மைனஸ் 20ம் வேண்டாம். −4 போதும். பேங்கின் அனுப்புநர் கணக்கே களவு போனா மத்த சோதனைகளுக்கு மிச்சம் ஏதாவது இருக்கணும்.

ரூட்_ராத்திரி | ஜூன் 12, 2025 | இரவு 11.30

கிரேலிஸ்ட் பத்தி யாரும் பேசல. ஸ்கோர் 4 தொட்டா "பிறகு முயலவும்" என்று திருப்பி அனுப்பி, 5 நிமிஷம் கழிச்சு வந்தாத்தான் ஏத்துக்கும். ஓடிபி மெயிலுக்கு 5 நிமிஷம் என்பது ஆயுள் தண்டனை. அனுப்புற சர்வர் அடுத்த முயற்சியை அரைமணி கழிச்சு எடுத்தா அதுக்கும் மேல. "ஓடிபி வரல" என்று புகார் வந்தா ஜங்க்கைத் தேடறதுக்கு முன்னாடி லாக்கில் சாஃப்ட் ரிஜெக்ட் தேடுங்க. முப்பது பேர் ஆபீஸுக்கு ஆக்‌ஷன்ஸில் கிரேலிஸ்ட் = நல் என்று அணைச்சுடறதே என் கட்சி.

போர்ட்25 | ஜூன் 13, 2025 | காலை 7.50

நான் அணைக்க மாட்டேன். கறுப்புப் பட்டியலில் இன்னும் ஏறாத புது ஐபிக்கு அந்த 5 நிமிஷம்தான் பட்டியல்கள் விழிச்சுக்க நேரம் தருது. டிமார்க் தேறின பேங்குக்கு −4 கிடைச்ச பிறகு ஓடிபி 4ஐத் தொடவே தொடாது. அணைக்க என்ன இருக்கு?

ரூட்_ராத்திரி | ஜூன் 13, 2025 | காலை 8.05

எல்லா ஓடிபியும் பேங்கிலிருந்து வர்றதில்ல. நீங்க பட்டியல் போடாத சைட்டுக்கு லாகின் பண்ணிப் பாருங்க.

பழைய_செண்ட்மெயில் | ஜூன் 13, 2025 | காலை 8.20

ரெண்டு பேரும் சரி, சண்டையை வளர்க்காதீங்க. 4ஐ 5 ஆக்குங்க.

புதுசர்வர் | ஜூலை 6, 2025 | மாலை 6.30

கிரேலிஸ்ட் 5, ஆட்_ஹெடர் 6, ரிஜெக்ட் 15. ஸ்பேம் 310, ஹாம் 540 கத்துக்கிச்சு. அதே பேங்கின் இந்த மாச ஸ்டேட்மெண்ட் −5.40. வேலை மெயில் இப்போ 11, 12 என்று ஜங்க்குக்குப் போகுது. ஒண்ணு மட்டும் புரியல: நேத்து ஒரு ஸ்பேம் எந்த ஆர்ஸ்பேம்டி ஹெடரும் இல்லாமலே வந்தது.

போர்ட்25 | ஜூலை 6, 2025 | இரவு 7.15

ஹெடரே இல்லைன்னா ரூல் விஷயம் இல்ல, மெயில் ஆர்ஸ்பேம்டியைப் பார்க்கவே இல்ல. போஸ்ட்ஃபிக்ஸில் மில்டர்_டிஃபால்ட்_ஆக்‌ஷன் = அக்செப்ட் என்று வெச்சிருப்பீங்க. ஆர்ஸ்பேம்டி ரீஸ்டார்ட் ஆகற அந்த சில நொடியில் வந்த மெயில் சோதனை இல்லாம உள்ளே போயிடும். டிஃபால்ட் டெம்ப்ஃபெயில் ("பிறகு முயலவும்"). அதையே வைங்க, அனுப்புறவர் திரும்ப வருவார். லாக்கில் 11332 போர்ட்டுக்கு "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" இருக்கான்னு அந்த நேரத்தில் பாருங்க.

பழைய_செண்ட்மெயில் | ஜூலை 7, 2025 | காலை 5.40

இதே அறிகுறி ஸ்பேம்அசாசினில் வந்தா வேற காரணம்: மெயிலை அதுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஸ்பேம்சி 500 கேபிக்கு மேல் இருக்கிற மெயிலை டிஃபால்ட்டா சோதிக்காமலே விட்டுடும். பெரிய படத்தை இணைச்சு அனுப்புற ஸ்பேமர்களுக்கு இது தெரியும். ஹைஃபன் எஸ் கொடுத்து உயர்த்தலாம், சிபியூ கொஞ்சம் முனகும்.

ரூட்_ராத்திரி | செப்டம்பர் 21, 2025 | இரவு 12.20

டெபியன் 13க்கு ஏறப்போறவங்களுக்கு. அதில் வர்றது டவ்காட் 2.4, கான்ஃபிக் பழசோட ஒத்துப்போகாது. மெயில்பாக்ஸ்1, மெயில்பாக்ஸ்2 என்று எண் போட்ட ஐமேப்சீவ் வரிகளும் பிளகின் அடைப்பும் போயாச்சு. இப்போ மெயில்பாக்ஸ் ஜங்க் என்ற பகுதிக்குள் சீவ்_ஸ்கிரிப்ட் என்று எழுதி, காஸ் = காப்பி என்று கொடுக்கணும். ஜங்க்கிலிருந்து வெளியே போறதுக்கு ஐமேப்சீவ்_ஃப்ரம் என்று தனிப் பகுதி. டவ்காட் கிளம்பறதுக்காக பிழை காட்டின வரிகளை மட்டும் நீக்கிட்டு விட்டா, மெயில் ஓடும், கத்துக்கறது நின்னுடும், யாருக்கும் தெரியாது. ஏறின உடனே ஒரு ஸ்பேமை ஜங்க்குக்கு நகர்த்திட்டு ஆர்ஸ்பேம்சி ஸ்டாட்டில் ஸ்பேம் எண்ணிக்கை ஒண்ணு கூடுதான்னு பாருங்க. அப்புறம் அதையே டிராஷுக்குத் தள்ளிட்டு ஹாம் எண்ணிக்கை அசையாம இருக்கான்னும் பாருங்க.